காய்ந்த மரத்துக்குப் பக்கத்து மரம்

பெட்ரி தட்டில் பூஞ்சை வளர்ந்து நின்ற அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. மூன்றாம் வருடத்துத் தைலமரத் தோட்டம் அது. ஒரு ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு வரிசைகள் மட்டும் நுனியிலிருந்து காய்ந்து இறங்கிக்கொண்டிருந்தன. அடிமரத்தில் பட்டை நீளவாக்கில் வெடித்து, வெடிப்பிலிருந்து கருஞ்சிவப்பாகப் பிசின் வழிந்து உறைந்திருந்தது. கத்தியால் பட்டையைச் சீவினால் உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு நீளத் திட்டு. பாடப்புத்தகத்துப் படம் எழுந்து வந்து நின்ற மாதிரி இருந்தது.

திட்டின் ஓரத்திலிருந்து சில்லு சில்லாக வெட்டி எடுத்துவந்து, மேற்புறத்தைச் சுத்தம் செய்து, பூஞ்சை வளர்க்கும் கூழான அகரில் வைத்தேன். மூன்று நாளில் வெள்ளைப் பஞ்சு. ஒரு வாரத்தில் சாம்பல். அப்புறம் தட்டைத் திருப்பிப் பார்த்தால் அடுப்புக்கரி மாதிரி கறுப்பு. பாட்ரியோஸ்பேரியா குடும்பத்துப் பூஞ்சை. வைத்த சில்லுகளில் பெரும்பாலானவற்றில் அதுவேதான் வந்தது. வேறென்ன வேண்டும்? நோய் இருக்கிறது, கிருமியும் கைக்குள் இருக்கிறது. அன்று சாயந்திரமே அறிக்கை எழுதிவிட்டேன். காய்ந்த மரங்களை வெட்டி எரிக்க வேண்டும், பக்கத்து வரிசைகளுக்கு மருந்தடிக்க வேண்டும் என்று பரிந்துரையும் சேர்த்தாயிற்று.

மறுநாள் மரம் வெட்ட ஆட்களைக் கூட்டிவந்த மேஸ்திரி, அரிவாளைக் கையில் எடுக்காமல் ஒரு காய்ந்த மரத்தில் தோளை வைத்துத் தள்ளினார். மரம் சாய்ந்தது. மூன்று வயதுத் தைலமரம் ஒரு ஆள் தள்ளிச் சாயாது.

"சார், வேரைப் பார்த்தீங்களா?"

"இல்லண்ணே."

"பாருங்க."

மண்வெட்டியால் நாலு கொத்து கொத்தி மரத்தைப் புரட்டிப் போட்டார். நாற்று வளர்ந்த பாலித்தீன் பை மக்காமல் இன்னும் அங்கேயே இருக்கிறதோ என்று தோன்றும்படி, பையின் அளவுக்கே சுருண்டு கிடந்தது வேர். ஆணிவேர் பையின் அடியைத் தொட்டதும் மடங்கி, மேலே திரும்பி, தன் கழுத்தைத் தானே இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. மரம் பருக்கப் பருக்க அந்தச் சுற்றும் பருத்து, அடிமரத்தை இறுக்கிப் பள்ளம் விழுந்திருந்தது. பக்கவாட்டில் மண்ணுக்குள் போன வேர்கள் என்று பார்த்தால் இரண்டு, மூன்று. அவையும் ஒரே பக்கம்.

பிறகு விசாரித்ததில் கதை தெரிந்தது. நடவு வருடத்தில் மழை தள்ளிப்போயிருக்கிறது. மற்ற இடங்களில் நட்டு முடித்து, மிஞ்சிய நாற்றுகள் பையிலேயே மாதக்கணக்கில் நின்று முற்றிவிட்டன. வீணாக்க மனம் வராமல் கடைசியாக அந்த ஓரத்து வரிசைகளில் அவற்றை நட்டிருக்கிறார்கள். நடவுப் பதிவேட்டில் தேதி இருந்தது, நாற்றின் வயது இல்லை. அதை ஒரு பத்தியாகச் சேர்த்திருந்தால் நான் ஒரு மாதம் பூஞ்சையைத் துரத்தியிருக்க மாட்டேன்.

அன்று மதியம்தான் எனக்கு உறைத்தது: நல்ல மரத்திலிருந்து நான் ஒரு சில்லுகூட எடுக்கவில்லை. உடனே போய், நூறு மீட்டர் தள்ளி, பச்சைப்பசேலென்று நின்ற மரங்களில் பட்டையைச் சீவி எடுத்துவந்து அதே அகரில் வைத்தேன். ஒரு வாரம் கழித்துத் தட்டைத் திருப்பினேன். அதே கறுப்பு.

இதில் மர்மம் எதுவும் இல்லை. இந்தக் குடும்பத்துப் பூஞ்சைகள் பல, ஆரோக்கியமான மரத்தின் பட்டையிலும் இலையிலும் எந்தத் தொந்தரவும் செய்யாமல் குடியிருப்பவை. 1990-ல் மர நோயியலாளர் மைக் விங்ஃபீல்ட் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய மரப் பாதுகாப்புக் கூட்டுத் திட்டத்தின் குழுவினர், பைன் மரத்திலும் தைலமரத்திலும் இதை அந்தப் பத்தாண்டிலேயே காட்டியிருந்தார்கள். வறட்சி, ஆலங்கட்டி மழை, உறைபனி, வேர்க்கோளாறு என்று மரம் தளரும்போது, அதுவரை வாடகைக்கு இருந்தவர் வீட்டையே எழுதி வாங்கிக்கொள்வார். நான் அந்தக் கட்டுரைகளைப் படித்தவன்தான். படித்தது வேறு, காட்டில் நிற்கும்போது ஞாபகம் வருவது வேறு.

நோய்க்கிருமியை நிரூபிக்க ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் காக் 1880-களில் வகுத்த விதிகளை எல்லா மாணவர்களும் ஒப்பிப்பார்கள். கிருமி நோயாளியிடம் இருக்க வேண்டும், தனியாக வளர்க்க முடிய வேண்டும், திரும்பச் செலுத்தினால் அதே நோய் வர வேண்டும், மறுபடி அதிலிருந்து எடுக்க முடிய வேண்டும். ஆரோக்கியமானவரிடம் அது இருக்கக் கூடாது என்ற பகுதியைத்தான் எல்லோரும் வேகமாகத் தாண்டுவோம். காலராக் கிருமியைச் சுமந்துகொண்டு நோயில்லாமல் திரிபவர்களைப் பார்த்த பிறகு காக்கே அந்தப் பகுதியைத் தளர்த்த வேண்டியிருந்தது. மர நோயில் அது இன்னும் சிக்கல். 'கிருமி இருக்கிறதா' என்பதோடு கேள்வி நிற்பதில்லை; 'இத்தனை நாள் சும்மா இருந்தது இப்போது ஏன் கிளம்பியது' என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஒரு நோயுற்ற மரத்தில் மாதிரி எடுத்தால், பக்கத்தில் உள்ள நல்ல மரத்திலும் அதே உயரத்தில், அதே திசையில், அதே கத்தியால் (இடையில் சாராயத்தில் துடைத்துவிட்டு) ஒரு மாதிரி. கூடவே, குறைந்தது ஒரு நோயுற்ற மரத்தையும் ஒரு நல்ல மரத்தையும் வேரோடு தோண்டிப் பார்ப்பது. நல்ல மரத்தைத் தோண்டச் சொன்னால் தோட்டத்துக்காரர்கள் முகம் மாறும். கெஞ்சியாவது தோண்ட வேண்டும்.

நாற்றங்கால் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பை நாற்றை வாங்கும்போது உயரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். நாலைந்தை எடுத்து, பையைக் கிழித்து, மண்ணை உதறி வேரைப் பாருங்கள். அடியில் சுருள ஆரம்பித்திருந்தால், நடும்போது அடி மண்ணில் ஒன்றிரண்டு சென்டிமீட்டரை நறுக்கிவிட்டு, பக்கவாட்டில் மேலிருந்து கீழாக மூன்று நான்கு கீறல் போட்டால் ஓரளவு சரியாகும். வேர் தடித்து இறுகியிருந்தால் அந்த நாற்று வேண்டாம், எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் வேண்டாம். உட்புறம் நெடுக்காக மேடான வரிகளும் அடியில் திறப்பும் உள்ள குழல்களில் வளர்த்தால் வேர் நேராக இறங்கும், காற்றுப் பட்டதும் நுனி தானே நின்றுவிடும். அந்தக் குழல் தரையில் உட்காரக் கூடாது, சட்டத்தில் தொங்க வேண்டும். தரையில் அடுக்கி வைத்துவிட்டு, குழலில் வளர்த்தும் வேர் சுருண்டுவிட்டதே என்று கேட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இதற்கு முன்பே அளவுநாடா எனக்கு வேறொரு பாடம் நடத்தியிருந்தது. வேலையில் சேர்ந்த புதிதில், ஆராய்ச்சித் திடல் ஒன்றில் ஆறு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகளைக் கணினியில் ஏற்றினேன். சில மரங்கள் மெலிந்திருந்தன. நிஜமாகவே முந்தைய சுற்றளவைவிடக் குறைவு. மரம் பருக்காமல் நிற்கலாம், இளைக்குமா?

கொஞ்சம் இளைக்கும். பகலில் இலை வழியே நீர் போகிற வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாமல், மரம் தன் பட்டையிலும் திசுக்களிலும் உள்ள நீரை எடுத்துச் செலவழிக்கும். விடியலுக்கு முன் தண்டு பருமனாகவும், பிற்பகலில் மெலிந்தும் இருக்கும். ஆனால் அந்த வித்தியாசம் மில்லிமீட்டரின் சிறு பங்கு. அதைப் பார்க்கத் தண்டில் நிரந்தரமாகப் பொருத்தும் நுண்ணளவி வேண்டும். சாதாரண நாடாவில் அது தெரியவே தெரியாது. நான் இந்த அழகான உடலியல் விளக்கத்தை வைத்து என் தரவுக்கு வக்காலத்து வாங்கப் பார்த்தேன் என்பது வேறு கதை.

உண்மையான காரணம் சப்பையானது. தைலமரம் பட்டை உரிக்கும். முதல் அளவு எடுத்தபோது தொங்கிக்கொண்டிருந்த பட்டையோடு சேர்த்து அளந்திருந்தார்கள். இரண்டாவது முறை பட்டை விழுந்திருந்தது. சில மரங்களில் நாடா சாய்ந்திருந்தது. சரிவில் நின்ற மரங்களில் ஒரு குழு மேட்டுப் பக்கம் நின்று, அளவெடுக்க வேண்டிய 1.3 மீட்டர் உயரத்தை எண்ணியிருக்கிறது, இன்னொரு குழு பள்ளத்துப் பக்கம் நின்று. விட்டத்தில் 2 சதவீதம் பிசகினால் குறுக்குவெட்டுப் பரப்பில் ஏறக்குறைய 4 சதவீதம் பிசகும். இரண்டு உர முறைகளுக்கு இடையே நாம் தேடும் வித்தியாசமே சில சமயம் அவ்வளவுதான்.

அதற்கப்புறம் 1.3 மீட்டருக்கு வெட்டிய ஒரு கம்பை எல்லோர் கையிலும் கொடுத்தோம். எப்போதும் மேட்டுப் பக்கம்தான் நிற்க வேண்டும். தளர்ந்த பட்டையைக் கையால் தட்டிவிட்டு அளக்க வேண்டும். பெயின்ட் கோடு அளவிடும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, ஏனென்றால் வருடா வருடம் அதே இடத்தில் பூசினால் பெயின்டையும் சேர்த்து அளப்போம். நாடாவைப் படிப்பவர் ஒருவர், எழுதுபவர் இன்னொருவர், எழுதியதை அவர் உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். எழுதுபவரிடம் போன முறை அளவும் இருக்க வேண்டும். குறைந்தால் அங்கேயே நின்று மறுபடி அளக்கலாம். ஆனால் படிப்பவருக்கு அது தெரியக் கூடாது. தெரிந்தால் நாடா தானாகவே 'சரியான' எண்ணைக் காட்ட ஆரம்பித்துவிடும்.

தண்டு பருப்பதை அளக்க, அதைச் சுற்றி ஸ்பிரிங்கோடு மாட்டும் உலோகப் பட்டைகளும் பயன்படுத்தினோம். மாட்டிய முதல் சில மாதங்களின் அளவை நம்பாதீர்கள், அந்த உலோகப் பட்டை தண்டோடு ஒட்டி உட்காரவே நாளாகும். நான் நம்பினேன், உரம் போட்டதும் வளர்ச்சி நின்றுபோனதாக ஒரு கூட்டத்தில் பேசவும் செய்தேன். அந்த உலோகப் பட்டைகளுக்கு அடியில் எறும்புகள் குடும்பம் நடத்தும் என்பதையும் கையை விட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

எண்களில் இன்னொரு ஏமாற்று உண்டு. ஒரு வருடம் ஒரு திடலின் சராசரி விட்டம் திடீரென்று ஏறியது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. மர வாரியாகப் பார்த்தபோது எந்த மரமும் பெரிதாக வளரவில்லை. அடியில் நசுங்கிக் கிடந்த ஒல்லி மரங்கள் செத்துப்போயிருந்தன, அவ்வளவுதான். வகுப்பில் மார்க் வாங்காத பையன்களை வெளியே அனுப்பினால் சராசரி ஏறத்தானே செய்யும். அதனால் சராசரியைச் சராசரியோடு ஒப்பிடாதீர்கள். ஒவ்வொரு மரத்தையும் அதன் பழைய அளவோடு ஒப்பிடுங்கள். செத்த மரங்களின் எண்ணிக்கையும் பக்கத்திலேயே இருக்கட்டும். ஓரத்து மரங்களையும் கணக்கில் சேர்க்காதீர்கள். வெளிச்சமும் இடமும் அதிகம் கிடைத்து அவை எப்போதும் கொழுத்திருக்கும். திடலைச் சுற்றி இரண்டு வரிசையையாவது அளக்காமல் விட வேண்டும்.

சரி, அந்தச் சுருள்வேர் வரிசைகளுக்குத் திரும்புகிறேன். வேர்தான் காரணம் என்று மேஸ்திரிக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. ஆனால் சுருண்ட வேரோடும் சில மரங்கள் நன்றாகவே நின்றனவே என்று மேலாளர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் விடியற்காலை வேலை ஆரம்பித்தது.

இரவு முழுக்க இலைத்துளைகள் மூடியிருக்கும். நீர் வெளியேறுவது ஏறக்குறைய நின்றுபோவதால், மரத்துக்குள் இருக்கும் நீரின் இழுவிசை மெல்ல வேர் தொடும் மண்ணோடு சமநிலைக்கு வரும். அதனால் சூரியன் எழுவதற்கு முன் ஒரு குச்சியை வெட்டி அதன் இழுவிசையை அளந்தால், வேருக்கு எட்டுகிற மண் எவ்வளவு ஈரமாக இருக்கிறது என்று மரமே சொல்லிவிடும். தலைக்கு மேலே உள்ள இலை நீரை இழுக்கிறது, அந்த இழுப்பில் நீர்த்தாரை அறுந்துபோகாமல் மேலேறுகிறது என்று டிக்சன், ஜோலி என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1894-ல் சொன்னார்கள். அதைக் காட்டில் நின்று எளிதாக அளக்கும் கருவியை ஷோலாண்டர் என்ற உடலியலாளரும் கூட்டாளிகளும் 1965-ல் பிரபலமாக்கினார்கள். உயரமான மரங்களின் உச்சிக் குச்சியை எடுக்க அவர்கள் குறிபார்த்துச் சுடும் ஒருவரைத் துப்பாக்கியோடு கூட்டிப்போனார்கள். எங்களிடம் இருந்தது நீளக் கம்பில் கட்டிய கத்தரி.

நாலு மணிக்கு எழுந்து, நெற்றி விளக்கோடு, பனியில் நனைந்த புல்லில் நடந்து போய், ஒரு குச்சியை வெட்டி, உடனே பையில் போட்டு மூடி, கருவி இருக்கும் வண்டிக்கு ஓட வேண்டும். கருவி என்பது தடிமனான ஒரு உலோகக் குடுவை. குச்சியை உள்ளே வைத்து, வெட்டிய முனை மட்டும் மூடியின் ரப்பர் வழியே வெளியே நீட்டியிருக்கும். நைட்ரஜன் சிலிண்டரை மெல்லத் திறந்தால் உள்ளே அழுத்தம் ஏறும். லென்ஸ் வழியே வெட்டுமுனையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உலர்ந்து வெளிறியிருக்கும் கட்டை ஒரு கணத்தில் நிறம் மாறி ஈரமாக மினுங்கும். அந்தக் கணத்தின் அழுத்தம்தான் அளவு. மரம் எவ்வளவு இழுத்துக்கொண்டிருந்ததோ, அதை ஈடுகட்ட அவ்வளவு தள்ள வேண்டியிருக்கிறது. ஈரமான மண்ணில் நிற்கும் தைலமரம் விடியலுக்கு முன் −0.5 மெகாபாஸ்கலைத் தாண்டாது (மெகாபாஸ்கல் அழுத்தத்தின் அலகு; இழுப்பு என்பதால் கழித்தல் குறி). வெயிலேறிய மதியத்தில் −2 பக்கம் போகும். கார் டயருக்குள் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய 0.2 மெகாபாஸ்கல். அதைப்போல் பத்து மடங்கு, அதுவும் இழுப்பாக, ஒரு குச்சிக்குள் இருக்கிறது என்று முதல் தடவை புரிந்தபோது அந்தக் குச்சியைக் கொஞ்சம் மரியாதையாகப் பிடித்தேன்.

புதியவர்கள் செய்யும் தப்புகள் தெரிந்தவைதான். நுரை வந்ததும் அதையே சாறு என்று எழுதிவிடுவது. முனை பிசிறாக இருக்கிறது என்று மறுபடி மறுபடி நறுக்கி, வெளியே நீட்டிய நீளத்தை மாற்றிவிடுவது. அவசரத்தில் அழுத்தத்தை வேகமாக ஏற்றி, மினுங்கிய கணத்தைத் தவறவிடுவது. எல்லாவற்றையும்விட, முகத்தை மூடிக்கு நேர் மேலே வைப்பது. ரப்பர் நழுவினால் குச்சி தோட்டா மாதிரிக் கிளம்பும். கண்ணாடி போடாமல் யாரையும் பக்கத்தில் விடாதீர்கள், பக்கவாட்டில் இருந்தே பாருங்கள்.

ஒரே மண், ஒரே மழை, பக்கத்துப் பக்கத்து வரிசை. மழை ஓய்ந்து சில வாரங்களில் நல்ல வரிசைகள் விடியலுக்கு முன் இன்னும் தெம்பாக இருந்தன. சுருள்வேர் வரிசைகளின் இழுவிசை அதற்குள் பல மடங்கு ஏறியிருந்தது. மண்ணில் நீர் இருந்தது, அது அவற்றின் வேருக்கு எட்டவில்லை. சுருண்டும் நன்றாக நின்ற மரங்களைத் தோண்டிப் பார்த்தபோது, ஏதோ ஒரு வேர் சுருளை விட்டுத் தப்பி ஆழமாக இறங்கியிருந்தது. மேலாளருக்கு அந்த அளவுகளைவிட அந்த ஒற்றை வேர்தான் புரிந்தது. எனக்கும் அதைக் காட்டுவதுதான் சுலபமாக இருந்தது.

அப்புறம் கிருமியைச் செலுத்தியும் பார்த்தோம். பட்டையில் துளைப்பானால் வட்டமாக ஒரு துண்டை எடுத்து, பூஞ்சை வளர்ந்த அகர் துண்டைக் கேம்பியம் (பட்டைக்கு அடியில் மரம் பருக்கும் அடுக்கு) பக்கம் பார்க்க வைத்து, பட்டைத் துண்டால் மூடி, நாடா சுற்றுவது. ஆறு வாரம் கழித்துப் பட்டையைச் சீவி உள்ளே ஓடிய கறையின் நீளத்தை அளக்க வேண்டும். பூஞ்சையில்லாத வெறும் அகர் வைத்த மரத்திலும் கறை வரும், காயத்துக்கே மரம் அப்படித்தான் பதில் சொல்லும். அந்தக் கறையைக் கழிக்காமல் எழுதினால் எல்லாப் பூஞ்சையும் கொலைகாரனாகத்தான் தெரியும். எங்கள் நல்ல மரங்களில் இரண்டு கறைகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சுருள்வேர் மரங்களில் இருந்தது.

காயம் என்றதும் கவாத்து ஞாபகம் வருகிறது. கிளையை அடிமரத்தோடு ஒட்ட, வழவழப்பாக வெட்டினால்தான் அழகு என்று ஒரு எண்ணம் இருக்கிறது. அமெரிக்க மர நோயியலாளர் அலெக்ஸ் ஷிகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து 1977-ல் எழுதியது அதற்கு நேரெதிர். மரத்துக்குக் காயம் ஆறுவதில்லை. அழுகல் பரவாதபடி சுற்றிலும் சுவர் எழுப்பி, காயத்தை உள்ளேயே அடைத்துவிட்டு மேலே புதுக் கட்டையை வளர்க்கிறது, அவ்வளவுதான். கிளையின் அடியில் கொஞ்சம் புடைத்திருக்கும் கழுத்துப் பகுதியில்தான் அந்தச் சுவருக்கான ஏற்பாடு இருக்கிறது. அதை வெட்டிவிடாமல், அதற்குச் சற்று வெளியே வெட்டுங்கள். கிளை விரல் பருமனில் இருக்கும்போதே வெட்டுங்கள். பெயின்ட், தார் எதுவும் பூச வேண்டாம்.

கவாத்துக் காயத்தின் விலையை இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் அகேசியா மாஞ்சியம் தோட்டங்கள் கொடுத்தன. செரட்டோசிஸ்டிஸ் என்னும் பூஞ்சை காயத்தின் வழியே நுழைந்து, நீர்க்குழாய்களை நிறம்மாற்றி, மரத்தையே வாட்டிவிடும். பழம் கனிந்த மாதிரி ஒரு வாசனை விடும். அந்த வாசனைக்கு வரும் சிறு வண்டுகள் அதை அடுத்த காயத்துக்குச் சுமந்து போகும். இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த சாதனம் தேவையில்லை. கறைபட்ட கட்டைச் சீவல்களை இரண்டு கேரட் வில்லைகளுக்கு நடுவே வைத்து, ஈரமாக மூடி வையுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் கேரட் மேல் நீண்ட கழுத்தோடு கறுப்பு மணிகள் முளைத்து, உச்சியில் வெளிர்மஞ்சள் துளி நிற்கும். சாதாரண அகரில் மற்ற பூஞ்சைகள் முந்திக்கொண்டு இதை மறைத்துவிடும்.

பாக்டீரியா வாடலுக்கு அதைவிடச் சுலபம். வாடிய மரத்தின் தண்டில் ஒரு துண்டை வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீரில் முனை மட்டும் தொடும்படி பிடியுங்கள். அந்த வாடலை உண்டாக்கும் ரால்ஸ்டோனியா பாக்டீரியா இருந்தால் சில நிமிடங்களில் பால் நூல் மாதிரி வெள்ளையாக இறங்கும். வேரழுகலில் பைட்டாப்தோரா என்னும் கிருமியைச் சந்தேகித்தால், மண்ணை நீரில் ஊறவைத்து மேலே இளம் இலைகளை மிதக்க விடுங்கள். அதன் நீந்தும் வித்துகள் இலையைத் தேடி வந்து தொற்றும். அது உண்மையில் பூஞ்சையே இல்லை. பூஞ்சைக்கென்று உள்ள பல மருந்துகள் அதனிடம் பலிக்காது.

மாதிரி எடுப்பதில் நான் எல்லோரிடமும் சொல்வது இரண்டே விஷயம். செத்த பகுதியின் நடுவில் எடுக்காதீர்கள், அங்கே இருப்பதெல்லாம் பிணத்துக்கு வந்தவை. உயிருள்ளதும் செத்ததும் சந்திக்கும் ஓரத்தில் எடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு வெயிலில் வண்டிக்குள் விடாதீர்கள், காகித உறையில் போட்டு நிழலில் கொண்டுவாருங்கள். ஒரு தடவை நானே பிளாஸ்டிக் பையில் விட்டு, மறுநாள் திறந்தபோது உள்ளே வெந்த கீரை மாதிரி ஏதோ இருந்தது.

சில வருடம் கழித்து வேறொரு தோட்டத்தில் கொழுந்துகள் கருகின. கொழுந்து செத்ததும் கீழிருந்து நாலைந்து கிளைகள் போட்டிபோட்டுக் கிளம்பி, மரம் துடைப்பம் மாதிரி ஆகிவிட்டது. இளம் இலைகள் சுருங்கி, அடிப்பக்க நரம்புகள் தக்கை மாதிரித் தடித்திருந்தன. நுனியை அகரில் வைத்தால் வழக்கம்போலப் பூஞ்சை வந்தது. இந்தத் தடவை நல்ல மரத்து நுனியிலும் வைத்திருந்தேன். அங்கேயும் வந்தது. இரண்டு மரங்களிலும் ஒரே வயது இளம் இலைகளைப் பறித்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பியதில், கருகிய மரத்தில் போரான் என்னும் நுண்சத்து பற்றாக்குறை. நீரோட்டத்தோடுதான் போரான் நுனிக்குப் போகிறது. தைலமரத்தில் முதிர்ந்த இலையிலிருந்து அதை எடுத்துக் கொழுந்துக்குக் கொடுக்கவும் முடியாது. அதனால்தான் வறண்ட மாதங்களில் முதலில் கொழுந்து அடிவாங்குகிறது, மழை வந்ததும் தானே தேறிய மாதிரித் தெரிகிறது. மருந்தடித்து மழையும் பெய்திருந்தால், மருந்து பலித்தது என்று இன்று வரை சொல்லிக்கொண்டிருப்போம். போரான் உள்ள போராக்ஸ் உப்பை அளவோடு வைத்தார்கள். அளவு முக்கியம், போரான் கொஞ்சம் கூடினாலும் இலை ஓரம் கருகும்.

ஒட்டுமொத்தத் தோட்டத்தையும் ஒரே குளோனில் (ஒரே மரத்துக் குச்சிகளிலிருந்து பெருக்கிய கன்றுகளில்) நடுவதா என்று அடிக்கடி கேட்கிறார்கள். பிரேசிலில் தண்டுப்புற்று தைலமரத்தைத் தாக்கியபோது, தாக்குப்பிடித்த மரங்களைத் தேர்ந்து குச்சி வைத்துப் பெருக்கித்தான் அவர்கள் மீண்டார்கள். அந்தக் குளோன் வேலைக்காக அராக்ரூஸ் நிறுவனத்து ஆய்வாளர்களுக்கு 1984-ல் காட்டியல் துறையின் மார்க்கஸ் வாலன்பெர்க் பரிசும் கிடைத்தது. ஆக, குளோன் என்றாலே ஆபத்து என்பது சரியில்லை. ஆனால் நாளைக்கு வருவது வேறு நோயாக இருந்தால், ஒரு மரத்தின் பலவீனம் அத்தனை மரத்தின் பலவீனம். நான் எப்போதும் குறைந்தது நாலைந்து குளோன்களைத் தனித்தனிப் பாத்தியாக நடச் சொல்வேன். ஒவ்வொரு பாத்தியிலும் எது என்று வரைபடத்தில் எழுதி, வரைபடத்தை இரண்டு இடத்தில் வைக்கச் சொல்வேன். முதலாவதைச் செய்கிறார்கள். இரண்டாவதைப் பெரும்பாலும் செய்வதில்லை.

போன வாரம் ஒரு இளைஞர் போன் செய்தார். சவுக்குத் தோட்டம் வைத்திருக்கிறார். பட்டை கொப்புளம் மாதிரி எழும்பி, உரித்தால் கறுப்புப் பொடி கொட்டுகிறதாம். நாலு போட்டோ அனுப்பியிருந்தார், நாலும் செத்த மரம். சவுக்கில் பட்டைக் கொப்புள நோய் தெரிந்த நோய்தான், போட்டோவைப் பார்த்தால் அதுவாகத்தான் இருக்க வேண்டும். பெயர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"தம்பி, பக்கத்துல நல்லா நிக்கிற மரத்தையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. அதோட, ரெண்டுலயும் ஒரு மரத்தைத் தோண்டி வேரையும்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"நல்ல மரத்தை எதுக்கு சார் தோண்டணும்?"

சுருண்டு கிடந்த அந்த வேரிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். இன்னும் போட்டோ வரவில்லை.